தொட்டி வைத்தோம், பிறகு போய்ப் பார்த்தோம்

பென்னலூர்ப் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு முதல் ஷிப்ட் ஆட்களை ஏற்றிப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸை ஓட்டியவரை நாங்கள் எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பது தாண்டியவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிற கனத்த குரல். அதே குரலில்தான் குறுக்கே வரும் டிரெய்லர் லாரிகளையும் திட்டுவார். தூரத்தில் ஒரு ஆள் ஓடி வருவது தெரிந்தால் பஸ்ஸை எடுக்க மாட்டார். "லேட்டானா என்னியத்தானே கேப்பாங்க, வரட்டும்" என்பார். யாருக்காவது உடம்பு சரியில்லை, யார் வீட்டிலாவது சாவு என்றால் முதலில் சட்டைப் பைக்குள் போகிற கை அவருடையது. அவரைப் பார்த்து எங்கள் கைகளும் போகும். சம்பளம் வந்ததும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இல்லாதவர்களுக்கு ஏதாவது செய்வது எங்கள் பஸ்ஸில் அப்படித்தான் பழக்கமானது. யாரும் கூட்டம் போட்டு ஆரம்பிக்கவில்லை.

கார் கதவைச் சுற்றி வைக்கிற ரப்பர் பட்டைகளைச் செய்கிற கம்பெனி எங்களுடையது. நான் குவாலிட்டியில் இருக்கிறேன். பட்டை பார்க்க அழகாக இருக்கிறது என்று நாங்கள் சொல்லி என்ன பயன்? காரில் மாட்டி, கார் மழையில் ஓடி, உள்ளே தண்ணீர் வராமல் இருந்தால்தான் அது நல்ல பட்டை. அந்தப் புத்தி வேலை முடிந்தாலும் என்னை விடாது. வீட்டில் புதுக் குக்கர் வாங்கினால்கூட ஒரு மாதம் கழித்து "சரியாத்தான் இருக்கா?" என்று கேட்பேன். "இது வூடும்மா, கம்பெனி லைன் இல்ல" என்று என் கணவர் கையெடுத்துக் கும்பிடுவார்.

பஸ் திரும்புகிற இடத்துக்குப் பின்னால், ஏரிக்கரையை ஒட்டி, தகர ஷீட் போட்ட வீடுகள் இரண்டு சந்துகளாக இருந்தன. வெள்ளம் வந்த வருஷம் ஆற்றோரத்தில் இருந்ததை இழந்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள் முதலில் போட்டவை. பிறகு வேலை தேடி வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அநேகமாக எல்லா வீட்டிலும் ஆணும் பெண்ணும் ஏதாவது ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை: தரை துடைப்பது, பெட்டி ஏற்றுவது, கேன்டீனில் பாத்திரம் கழுவுவது. அண்ணாவுக்கு அந்த இடத்தின் மேல் ஒரு தனிப் பிரியம். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் வந்தால் அங்கிருக்கிற பிள்ளைகளுக்கு எங்கள் பஸ் சார்பாகப் பள்ளிப் பை கொடுத்தாக வேண்டும்.

ஒரு வருஷம் பை கொடுக்க அவரோடு நானும் போனேன். முதல் வீட்டில் ஒரு பெண் கதவைத் திறந்தாள். நைட் ஷிப்ட்டில் தரை துடைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கம்பெனி அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. எங்கள் கையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாக்கா, இந்த வாட்டியும் பையா?"

"ஏம்மா, வேணாமா?"

"கோச்சிக்காத. உள்ள வந்து பாரேன்."

அண்ணா அடுத்த வீட்டுக்குப் போக, நான் மட்டும் உள்ளே போனேன். சுவரில் ஆணிக்கு ஒரு பை தொங்கியது. ஒவ்வொன்றின் மேலும் வேறு வேறு கம்பெனியின் பெயர். ஒன்றில் வெங்காயம். ஒன்றில் அவள் கணவனின் ஸ்பானர்கள். ஒன்றில் மழைக்காலத்துப் போர்வை.

"பை நல்லாத்தான்க்கா கீது. அத்த மாட்டிக்கினு ஸ்கூலுக்குப் போறதுக்குத்தான் ஆளு இல்ல."

பிறகு உட்கார்ந்து சொன்னாள். அந்தச் சந்துகளுக்குக் குழாய் கிடையாது, லாரியில்தான் தண்ணீர். லாரி வருவது பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரத்துக்கு. அப்பா அம்மா ஷிப்ட்டுக்குப் போயிருப்பார்கள், இல்லாவிட்டால் ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருப்பார்கள். குடத்தோடு வரிசையில் நிற்பது பிள்ளைகள்தான். பிடித்து முடித்துப் போனால் வாத்தியார் திட்டுவார் என்று, அன்றைக்கு முழுக்கவே போகாமல் இருந்துவிடுவார்கள்.

மறுநாள் பஸ்ஸில், அண்ணாவின் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதையெல்லாம் பேசினேன். "இத்தன வருஷமா வெங்காயம் போட்டு வைக்கப் பை குடுத்திருக்கோம்ணா" என்று சொன்னது அவருக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும்.

"குடுத்துட்டு பின்னாடியே போயி நோண்டிப் பாக்குறது இன்னாம்மா பழக்கம்? வலது கை குடுக்குறது எடது கைக்குத் தெரியக் கூடாதும்மா."

"நம்ம கைக்குத் தெரியாட்டிப் பரவால்லண்ணா. வாங்குனவங்களுக்கு உதவுச்சான்னு ஒர்த்தருக்குமே தெரியலயே."

அதன் பிறகு சில நாள் அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் அதற்கு நடுவில் ஒரு நாள் நான் தாமதமாகி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடி வந்தபோது பஸ் நின்றுதான் இருந்தது. நான் ஏறியதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வண்டியை எடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று சாயங்காலம் இறங்கும்போது அவரே கேட்டார்: "சர்தான், இன்னா செய்லாம்ன்ற?"

அந்தச் சந்துப் பெண்களையே கேட்போம் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டோம். சந்து முனையில் குழாய் வைத்த பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருந்தால், லாரிக்காரர் அதை நிரப்பிவிட்டுப் போவார், அவரவர் வசதிப்பட்ட நேரத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று அவர்களே சொன்னார்கள். எங்கள் கையில் இருந்தது ஒரு தொட்டிக்கும் அதை வைக்கும் மேடைக்கும்தான் சரியாக இருக்கும். எந்தச் சந்துக்கு? அதில் பெரிய சத்தம் கிளம்பியது. கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். முதல் சந்துக்கு விழுந்தது.

எனக்கு அதில் இன்னொரு வசதி தெரிந்தது. ஒரு சந்தில் தொட்டி இருக்கிறது, பக்கத்துச் சந்தில் இல்லை. பிள்ளைகள் போவது ஒரே பள்ளிக்கூடம். தொட்டியால் உண்மையிலேயே ஏதாவது மாறுகிறதா என்று பார்த்துவிடலாம். பள்ளித் தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன். பிள்ளைகளின் பெயர் எதையும் தர மாட்டேன், இந்தச் சந்துப் பிள்ளைகள் எப்படி வருகிறார்கள், அந்தச் சந்துப் பிள்ளைகள் எப்படி வருகிறார்கள் என்று மட்டும் அவ்வப்போது சொல்கிறேன் என்றார். அது போதும் என்றேன்.

தொட்டியில் முதல் தண்ணீர் விழுந்த அன்று அண்ணாவைப் பிடிக்க முடியவில்லை. பஸ்ஸைக் கிளப்பும் முன் எழுந்து எங்கள் பக்கம் திரும்பி நின்று, சர்ச் குரலில் சொன்னார்: "நம்ம குடுத்த தொட்டி நெறஞ்சிட்ச்சி! இனிமே அங்க ஒரு புள்ளகூட மட்டம் போடாது!" பஸ் முழுக்கக் கைதட்டியது. நானும் தட்டினேன்.

சில மாதங்கள் போன பிறகு தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். தொட்டி வைத்த சந்துப் பையன்கள் நன்றாக வருகிறார்கள். முன்பைவிடவும் மேல், பக்கத்துச் சந்துப் பையன்களைவிடவும் மேல். ஆனால் பெண் பிள்ளைகள் இரண்டு சந்திலும் முன்பு மாதிரியேதான் வருகிறார்கள். தொட்டி அவர்களுக்கு எதையும் மாற்றவில்லை.

டீக்கடையில் வைத்து அண்ணாவிடம் இதைச் சொன்னேன். கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து நேரே ஏரிக்கரைக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். முதல் சந்தில், பைகள் தொங்கிய அதே வீட்டு வாசலில், எட்டாவது படிக்கிற பெண் இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தொட்டி முப்பதடி தூரத்தில் இருந்தது.

"ஏம்மா ஸ்கூலுக்குப் போவல? தண்ணிதான் வந்துட்ச்சே?"

"தண்ணி அப்பவே புடிச்சிட்டேன் தாத்தா. நான் பூட்டா இவன யாரு பாத்துக்குவா?"

"தாத்தாவா? மாமான்னு கூப்டு!"

அந்தப் பெண் சிரித்தாள். குழந்தை எட்டி அண்ணாவின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கியது. அதை அதன் கையிலிருந்து வாங்க எங்களுக்கு வெகுநேரம் ஆயிற்று. திரும்பும் வழியில் அண்ணா சொன்னது இதுதான்: "கை தட்னாங்களே எல்லாரும். இப்ப இன்னா சொல்றது அவங்களுக்கு?"

"நடந்ததச் சொல்லுவோம்ணா. வேணும்னா நான் சொல்றேன்."

"வேணாம். அன்னிக்கி சொன்னவன் நான். இன்னிக்கும் நான்தான் சொல்லணும்."

மறுநாள் எஞ்சினை அணைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. "அவசரப்பட்டு சொல்லிட்டேன். பசங்களுக்குத் தொட்டி ஒதவிச்சி. பொண்ணுங்களுக்கு ஒதவல. கைக்கொழந்தயப் பாத்துக்க ஆளில்லாம வூட்லயே கீதுங்க. அத்த நாம கேக்கவே இல்ல." பின் இருக்கையிலிருந்து ஒருவர், "இதுக்குத்தான் நான் கோயில் உண்டியல்லயே போட்டுடுவேன்னு சொன்னேன்" என்றார். அந்த மாதத்திலிருந்து அவர் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார். இன்னும் சிலரும் நிறுத்தினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அதுவரை ஒரு காசு கொடுக்காத ஒரு பெண் அன்று எழுந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். பயிற்சி ஆளாக வந்து ஹாஸ்டலில் தங்கி இருந்தவள். "அண்ணாச்சி, நானும் தாரேன். எங்க ஊர்ல எத்தனையோ பேரு வந்து குடுத்துட்டு போட்டோ எடுத்துட்டுப் போயிருக்காவ. சரியா வரலைன்னு வந்து சொன்ன ஆள நான் இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றாள். அண்ணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரைச் சம்பளத்துக்கு வைப்பது என்று பேசினோம். இதைச் சொல்ல இரண்டாவது சந்துக்குப் போனபோது ஒரு அம்மாள் என்னை மறித்தார்.

"எங்க சந்துக்குத் தொட்டி எப்ப வரும்?"

பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதற்குத் தொட்டி உதவவில்லை, அதனால் முதலில் குழந்தை பார்க்க ஆள் வைக்கிறோம் என்று விளக்கினேன். நியாயமாகத்தான் பேசுவதாக நினைத்தேன்.

"புள்ள ஸ்கூலுக்குப் போச்சா இல்லியான்னு மட்டுந்தான் பாப்பியா? கொடத்தத் தூக்கிக்கினு லாரி பின்னாடி ஓடுறனே, என் இடுப்பு உன் கணக்குல வராதா?"

அவர் இடுப்பைப் பற்றி நான் யாரையும் கேட்டிருக்கவில்லை. பார்க்க வேண்டும் என்று நான் நினைத்ததை மட்டும்தான் பார்த்திருந்தேன். வீட்டுக்கு வந்தும் அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அண்ணாவிடம் சொன்னதும் ஓஹோ என்று சிரித்தார். "நான் திட்டுனா நீ கேக்க மாட்ட. இப்ப நல்லா வாங்கிக்கினியா?" சிரித்து முடித்துவிட்டு, போனஸ் வரும்போது இரண்டாவது தொட்டியையும் வைத்துவிடலாம் என்றார். அப்படியே வைத்தோம். அந்த அம்மாள் எங்களுக்கு நன்றி எல்லாம் சொல்லவில்லை. குழாய் கொஞ்சம் தாழ்வாக வைத்திருக்கிறீர்கள், பெரிய குடம் நுழையவில்லை என்றார். குழாயை மாற்றினோம்.

குழந்தை பார்க்க முதல் சந்திலேயே ஒரு பெண்மணி கிடைத்தார். பேக்கிங் வேலையில் மணிக்கட்டு அடிபட்டு, வேலை போனவர். எங்களை உட்கார வைத்துவிட்டுத் தன் பக்கத்து நிபந்தனைகளைச் சொன்னார்: "ஷிப்ட்டுக்குப் போற நேரத்துக்குக் கொழந்தயக் கொண்டாந்து வுடணும். பாலு உங்க செலவு. சம்பளம் மாசா மாசம் கரெக்டா வரணும். தீபாவளிக்கு எனக்கும் போனஸ் உண்டு." அண்ணா, எங்கள் மேனேஜர்கூட இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை என்று சொல்லி ஒத்துக்கொண்டார். பஸ்ஸில் யார் வேண்டுமானாலும், எந்த லீவு நாளிலும் சொல்லாமல் வந்து பார்க்கலாம் என்பது நாங்கள் கேட்ட ஒரே விஷயம். "வரட்டும், வந்தா சும்மா நிக்கக் கூடாது, ஒரு கொழந்தயத் தூக்கணும்" என்றார் அவர். தென்காசிப் பெண் ஞாயிறு தவறாமல் போக ஆரம்பித்தாள். ஹாஸ்டலில் ஊர் நினைப்பில் அழுதுகொண்டிருந்தவள், அங்கே போய்க் குழந்தைகளைக் குளிப்பாட்டக் கற்றுக்கொண்டாள்.

பெண் பிள்ளைகள் உடனே பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிடவில்லை. மெதுவாகத்தான் போனார்கள். எட்டாவது படித்த பெண்ணுக்கு விட்டுப்போன பாடம் நிறைய; கணக்கு வகுப்பில் அழுதாள் என்று அவள் அம்மா சொன்னாள். பிறகு தேறினாள். இப்போது பத்தாவதில் இருக்கிறாள். இரண்டாவது சந்தில் ஒரு பெண்ணுக்கு மட்டும் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதையும் அண்ணா பஸ்ஸில் எழுந்து நின்று சொன்னார். நிறுத்தியவர்களில் சிலர் மறுபடியும் கொடுக்க ஆரம்பித்தார்கள். உண்டியல்காரர் கடைசி வரை கொடுக்கவில்லை. ஆனால் தொட்டி மேடையில் விரிசல் விட்டபோது, சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பூசிவிட்டு வந்தவர் அவர்தான்.

போன வருஷம் அண்ணா வேலையிலிருந்து நின்றுவிட்டார். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்று, காலை நேரங்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற அந்தப் பெண்மணியின் வீட்டுக்குப் போகிறார். போன வாரம் எனக்கு லீவு. வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். வாசல் கதவு திறந்திருந்தது. அண்ணா சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவர் வயிற்றின் மேல் ஒரு குழந்தை குப்புறப் படுத்துத் தூங்கியது. நான் "அண்ணா" என்று கூப்பிட வாயெடுத்தேன். உள்ளேயிருந்து அந்த வீட்டம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்தார்.

"எழுப்பிடாதக்கா. ரெண்டு பேரும் இப்பத்தான் தூங்குனாங்க."