மூச்சை விட்டால்தான் அளவு

தையற்கடைக்கு வருகிற மனுஷன் முதலில் செய்கிற காரியம் வயிற்றை எக்கிக்கொள்வது. நான் இடுப்பைச் சுற்றி நாடாவைப் பிடிப்பதற்குள் மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு சாமி சிலை மாதிரி நிற்பான். அந்த அளவுக்குத் தைத்துக் கொடுத்தால், சாப்பிட்டு உட்கார்ந்ததும் பொத்தான் தெறித்துவிடும், திட்டு எனக்கு. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். நாடாவைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்பேன். பதில் சொல்ல வாயைத் திறந்தால் மூச்சு வெளியே வந்துதானே ஆகணும்? அப்போது நாடா காட்டுவதுதான் நிஜ அளவு. பல சமயம் கூடவே வருகிற பதிலும் நிஜமாக இருக்கும்.

நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டை ஒட்டின சந்தில் கடை, கதிர்காமத்தில் வீடு. எழுபதுகளில், பிரான்சுக்குக் குடிபோகிறவர்களுக்குக் கோட்டு தைத்தே என் பிழைப்பில் பாதி ஓடியது. என் வீட்டிலும் போவதற்கு வழி இருந்தது. என் மனைவி மதலேனின் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். அவர் வழியில் அவளுக்கும் எங்கள் ஒரே மகள் செசிலுக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி. "புள்ளைக்கு நல்ல படிப்பு, நல்ல டாக்டரு. கெளம்புங்க போயிடலாம்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். எட்டு வருஷம் நான்தான் இழுத்தடித்தேன். பாரிசு என்று எவன் வாயைத் திறந்தாலும் எனக்குச் சந்தேகம். போவதா இருப்பதா என்று பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு சோறு இறங்காமல் கிடந்தவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு நான் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

போட்டோவில் வந்த கோட்டு

மதலேனின் அண்ணன் சூசை எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டவர். அங்கே போய்ச் சேர்ந்த ஆறாம் மாசம் லெட்டரோடு ஒரு போட்டோ அனுப்பினார். நாலு பக்கமும் வெள்ளை வெளேரென்று பனி, நடுவில் ஒரு கார், கார்மேல் கையை வைத்துக்கொண்டு கோட்டு சூட்டோடு மச்சான். மதலேன் தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டிவிட்டு வந்தாள்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கோட்டின் தோள் தையல் மச்சானின் தோளைவிட்டு ரெண்டு விரல் கீழே தொங்கியது. கை நீளம் விரல் முட்டி வரைக்கும் மூடியிருந்தது. "இது உங்கண்ணன் கோட்டே இல்ல. ஆறடி ஆளுக்குத் தைச்சது. கோட்டு இரவல்னா காரும் இரவல்தான்" என்றேன். எனக்குப் பெரிய திருட்டைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். மதலேன் போட்டோவைப் பிடுங்கி முந்தானையில் துடைத்தாள்.

"கோட்டு இரவல், காரு இரவல், சரி. பின்னாடி கொட்டிக் கெடக்குற பனியையும் பக்கத்து வீட்டுல கேட்டு வாங்கினாரா?"

சமையல்கட்டு மாப்பிள்ளை

உழவர்கரைப் பக்கத்து விவசாயி ஒருவர் தன் மகளைக் கட்டப்போகிற மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் பிரான்சில் இருந்து பெண் தேடி வந்தவன். கல்யாணக் கோட்டு பெண் வீட்டுச் செலவு. மாப்பிள்ளை கண்ணாடி முன்னால் நின்று எக்கின எக்கில், வயிறு முதுகில் ஒட்டிக்கொண்டது.

"அங்க வீடு எப்படி தம்பி, பெருசா?" என்றேன். பையன் வாயைத் திறந்தான், நாடா ரெண்டு இஞ்சு தள்ளிப் போனது. "சித்தப்பா வீடுங்க. ஒரே ரூமு. அவுங்க நாலு பேரு உள்ள படுத்துக்குவாங்க. நான் சமையக்கட்டுல படுத்துக்குவேன்."

நான் அளவை எழுதுகிற சாக்கில் பெண்ணைப் பெற்றவர் முகத்தைப் பார்த்தேன். இந்தக் கல்யாணம் இன்றைக்கு என் கடையிலேயே நின்றுவிடும் என்று நினைத்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"அதுவும் நல்லதுதான் டெய்லரே, அந்தக் குளிருக்கு அடுப்புப் பக்கம் எடம் கெடைக்கணுமே!"

பாவாடையில் ஒரு பை

எங்கள் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் பட்டறை வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் குடும்பத்தோடு கிளம்பினார். அவர் மனைவி மூன்று பிள்ளைகளையும் கூட்டி வந்து நிறுத்தினாள். "வளர்ற புள்ளைங்க தம்பி. அங்க போயி பிரிச்சு விட்டுக்கிற மாதிரி, உள்ள நாலு விரக்கடை துணி விட்டுத் தைங்க" என்றாள். அப்படியே செய்தேன். போகிறவர்கள் எல்லாருமே அதைத்தான் கேட்பார்கள்.

மறுநாள் அந்த அம்மாள் தனியாக வந்தாள். கையில் ஒரு உள்பாவாடை. அதில் உள்பக்கமாக ஒரு பை வைத்து, பொத்தானும் வைக்க வேண்டுமாம். நகைக்கா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். தெருவை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "திரும்பி வர்றதுக்கு டிக்கெட்டு. எங்க அண்ணன் எடுத்துக் குடுத்தாரு. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது." அந்தப் பைக்கு மட்டும் ரெட்டைத் தையல் போட்டேன்.

என் கடையில் பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவர் தங்கவேலு. மில்லில் ஆள் குறைத்தபோது வெளியே வந்தவர். எதையும் லேசில் நம்பமாட்டார். அந்த அம்மாள் தெரு முனை தாண்டுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"புள்ளைங்க கோட்டுல வளர்றதுக்குத் துணி, ஆத்தா பாவாடையில திரும்புறதுக்குப் பை. ஒரே குடும்பத்துக்கு ரெண்டு ஊருக்குத் தைச்சுக் குடுத்துட்டீங்க மொதலாளி."

ஜூலை பதினாலுக்கு வருகிற கோட்டு

ஜூலை பதினாலு பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். அன்றைக்குப் பழைய சொல்தாக்கள் கோட்டில் மெடல் குத்திக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்து போவார்கள். அவர்களில் ஒருவர் வருஷா வருஷம் ஜூன் மாசமே வந்துவிடுவார், கோட்டைக் கொஞ்சம் பிரித்துவிட. மெடல் அப்படியே இருக்கும், தொந்திதான் வருஷம் அரை இஞ்சு ஏறும். பிரான்சில் பல வருஷம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பினவர். "அவ்வளவு நல்ல ஊருன்னா ஏன் பெரியவரே திரும்பி வந்தீங்க?" என்றேன்.

"நாலு வருஷம் ஒரே பஸ்ஸுல போனேன். பக்கத்து சீட்டுல ஒரே ஆளு. தெனமும் பொன்ழூர்னு ஒரு வணக்கம் சொல்லுவான், அதோட பேப்பரை விரிச்சிடுவான். அவன் பேரு என்னான்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது" என்றார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இதை எப்போது வீட்டுக்குப் போய் மதலேனிடம் சொல்லலாம் என்று ஆகிவிட்டது.

அதற்குள் அவர் பையிலிருந்து இன்னொரு துணியை எடுத்தார். பேரனுக்குக் கோட்டு, அடுத்த மாசம் பிரான்சுக்குப் போகிறானாம். "பேச்சுத்துணை இல்லாத ஊருக்கு அவனை ஏன் அனுப்புறீங்க?" என்று கேட்டேன். வீட்டில் நான் பஸ் கதையை மட்டும்தான் சொன்னேன். அவர் சொன்ன இந்தப் பதிலைக் கடைசி வரைக்கும் மறைத்து வைத்திருந்தேன்:

"எனக்குப் பேச ஆளு வேணும், அவனுக்குப் படிக்க எடம் வேணும். ரெண்டும் ஒரே ஊருல கெடைக்கல, நான் என்னா பண்றது?"

முட்டி தேய்ந்த பேண்ட்

ஒரு வருஷம் சூசை மச்சான் வக்கான்சுக்கு வந்தார். லீவை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். கூடவே மனைவியும் மகள் கிளேரும். மச்சானுக்கு பேங்கில் வேலை என்று லெட்டருக்கு லெட்டர் எழுதியிருந்தார். கடைக்கு வந்தவர், புதுசாக ஒரு பேண்ட் தைக்கச் சொல்லி, ஒரு பழைய பேண்டையும் ஒட்டுப் போடக் கொடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ரெண்டு முட்டியும் சல்லடை. உட்கார்ந்து எழுதுகிறவன் பேண்ட் பின்பக்கம்தானே தேயும்? பின்பக்கம் புதுசு மாதிரி இருந்தது.

இடுப்பில் நாடாவைப் போட்டேன். மச்சானும் எக்கினார். "ஏன் மச்சான், பேங்குல முட்டி போட்டு யாரைக் கும்புடுறீங்க?" என்றேன். சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கினதும், "தரை தொடைக்கிறேன் மாப்ள. தங்கச்சிகிட்ட சொல்லாத" என்றார். எட்டு வருஷச் சந்தேகம் ஜெயித்துவிட்டது. ஆனால் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. ஒட்டுப் போடுவதற்குத் துணி தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். மச்சான் தானே மேலே பேசினார்:

"அங்க தொடைக்கிறவன் பொண்ணும் மேனேஜர் பொண்ணும் ஒரே பெஞ்சுல உக்காருதுங்க மாப்ள. அது ஒண்ணு மட்டும் பொய்யில்ல."

ஒரே துணியில் ரெண்டு கவுன்

மாதா திருநாளுக்குச் செசிலுக்கும் கிளேருக்கும் ஒரே துணியில் கவுன் வேண்டும் என்றாள் மதலேன். ரெண்டு பேருக்கும் பதினோரு வயசு. ஞானஸ்நானம் கொடுத்தது ஒரே மாசம். முதலில் கிளேருக்கு அளவெடுத்தேன், அப்புறம் செசிலுக்கு. நோட்டைப் பார்த்தால் ஏதோ தப்பு. தோளிலிருந்து முட்டி வரைக்கும் என் மகள் நாலு விரல் குட்டை. கை மணிக்கட்டைச் சுற்றினால் நாடா கூடுதலாக மிச்சம். பழைய நாடா இழுபட்டிருக்கும் என்று அதன்மேல் சந்தேகப்பட்டு, புது நாடா எடுத்து மறுபடியும் அளந்தேன். நம்ப மாட்டீர்கள், மூன்றாம் தரம் தங்கவேலுவையே அளக்கச் சொன்னேன். அவரும் அதே அளவை நோட்டில் எழுதிவிட்டுக் காஜா எடுக்கப் போய்விட்டார்.

முதலில் அளவுக்கு நின்றபோது கிளேர் எக்கவே இல்லை. எக்குவதற்கு அவளிடம் என்ன இருக்கிறது, குழந்தை. "மத்தியானம் அங்க என்னா சாப்பிடுவ?" என்று சும்மா கேட்டேன். "ஸ்கூல்லயே கறி குடுப்பாங்க மாமா. கூட வர்ற கேரட்டை மட்டும் நான் ஒதுக்கிடுவேன்" என்றாள். நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த என் மகள் என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக் கேட்டாள்:

"தெனமுமா?"

கடைசி அளவு

அந்த வாரமே கம்பளித் துணியை எடுத்து விரித்தேன். மதலேனுக்கு ஒரு கோட்டு, செசிலுக்கு ஒன்று. செசில் கோட்டில் நாலு விரல் போதாதென்று ஆறு விரல் துணி விட்டேன். ரெண்டையும் வெட்டி முடித்த பிறகும் என் கோட்டுக்குக் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. "உங்களுக்கு?" என்றாள் மதலேன். என் அளவு எனக்குத் தெரியும் என்றேன். ஆனால் தன் முதுகைத் தானே அளக்கிற தையற்காரன் இன்னும் பிறக்கவில்லை. அவள் என் கழுத்திலிருந்து நாடாவை உருவிக்கொண்டாள்.

இடுப்பைச் சுற்றி நாடா வந்ததும், சத்தியமாக எனக்கே தெரியாமல் எக்கிக்கொண்டு நின்றேன். அத்தனை வருஷம் கடை வாசலில் உட்கார்ந்து என் வேலையைப் பார்த்தவள் அல்லவா? நாடாவைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "எங்கண்ணன் கோட்டைச் சந்தேகப்பட்டீங்க, காரைச் சந்தேகப்பட்டீங்க. உண்மையில உங்களுக்கு என்னா பயம்?"

"அங்க எல்லாரும் ரெடிமேடு வாங்கிப் போட்டுக்குவாங்களாம் மதலேன். என்கிட்ட வந்து எவன் நிப்பான்?" வாயிலிருந்து வந்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாடாவைத்தான் பார்த்தாள்.

"முப்பத்தேழு. நோட்டுல முப்பத்தஞ்சுன்னு பொய் எழுதி வச்சிருக்கீங்க."

பிரான்சுக்குப் போய் இத்தனை வருஷமாகக் கடையில் வாங்கின பேண்டுகளுக்குக் கால் மடித்துத் தைத்ததில் நான் கண்டது, நாடாவைப் பார்த்தால் வெள்ளைக்காரனும் வயிற்றை எக்கத்தான் செய்கிறான், அவனை ஒரு கேள்வி கேட்டு மூச்சு விடவைக்க எனக்குத்தான் பாஷை போதவில்லை.