கொம்பில் பூசிய கட்சி வண்ணம்

ஓட்டுப் போட்டுவிட்டு வந்த கையோடு என் கணவர் வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தார். முடித்துவிட்டு மண்ணெண்ணெய்த் துணியால் விரல்களைத் துடைத்தபோது எழுந்த வாடை, என்னை அறுபத்தேழாம் வருஷத்து எங்கள் பெருமுக்கல் கிராமத்துக்குத் தள்ளிவிட்டது.

அன்று தேர்தல் முடிவு. ஆளுங்கட்சி தோற்கும் என்று அப்பா கனவிலும் நினைத்ததில்லை. திண்டிவனம் கடைத்தெருவில் வெற்றி ஊர்வல வண்டியை எங்கள் மாடுகள்தான் இழுக்க வேண்டுமென்று, பொங்கலுக்குப் பூசிய கொம்புகளின் மேலேயே கட்சி வண்ணத்தைப் பூசிவைத்திருந்தார். அது காய்வதற்குள் டீக்கடை ரேடியோ சொல்லிவிட்டது. மாநிலம் முழுக்கத் தோல்வி.

அப்பா பேயறைந்தவர் மாதிரி திரும்பி வந்தார். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக் கொம்புகளைத் தேய்க்க ஆரம்பித்தார். கடைசி மாட்டின் ஒரு கொம்பு மட்டும் மிச்சமிருந்தபோது கேட்டார்.

"நம்ம வூட்டு ஓட்டு ரெண்டும் வுழுந்துச்சே. அப்புறம் எவன் கவுத்தான்?"

அம்மா கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை.

"ரெண்டு இல்லீங்க, ஒண்ணு. அரிசிக்காக ரேஷன் கடை வெயில்ல நின்னுக்கினு கெடந்தது நான்தான?"

அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அப்பாவின் கையிலிருந்து துணி நழுவியது. அவர் அதைத் திரும்ப எடுக்கவேயில்லை. அந்த மாடு ஒரு கொம்பில் மட்டும் கட்சி வண்ணத்தோடு அடுத்த பொங்கல்வரை உழுதது.

"எங்க வூட்டு ஓட்டு ரெண்டும் நம்ம கட்சிக்குத்தாங்க!" இப்போது கேட்டுக்கு வெளியே நின்ற பக்கத்து வீட்டுக்காரரிடம் என் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே போய் உலை வைத்தேன்.