மவுஸ் டிரைவர் என்ற பெயரில் ஒரு ஃபேமிலி கார்டு

வீட்டுக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று தட்ட ஆரம்பித்தபோது, தங்கச்சியின் காலேஜ் அட்மிஷனுக்கு நான்கு நாள் இருந்தது. தாயகம் திரும்பியோர் குடும்பம் என்று காட்ட, சிலோனிலிருந்து வந்தபோது அப்பாவின் குடும்பத்துக்கு அரசாங்கம் கொடுத்த ஃபேமிலி கார்டு வேண்டும். அசல் பூஞ்சை பிடித்துப் பொடிந்துவிட்டது. கம்ப்யூட்டரில் இருந்த ஸ்கேன்தான் மிச்சம்.

“எந்த ஃபோல்டர்ப்பா?”

“ஒளிச்சு வச்சிருக்கேன்டா.”

“எங்க?”

“அதான் ஞாபகம் இல்ல.”

கப்பலேறும்போது சோதனைக்குப் பயந்து தங்கத் தோட்டை மிளகாய்த்தூளுக்குள் புதைத்துக் கொண்டுவந்த குடும்பம். அடுத்தவன் கார்டைக் காட்டி வேலைக்குச் சேர்ந்த ஆட்களையும் அப்பா பார்த்திருக்கிறார். அதனால் ஃபைலின் பெயரை மாற்றி, யாரும் தேடாத இடத்தில் வைத்துவிட்டார். அந்த ‘யாரும்’ பட்டியலில் அவரும் உண்டு.

சாகக் கிடக்கும் டிஸ்க்கில் துழாவினால் சீக்கிரம் செத்துவிடும். முதலில் முழு நகல், பிறகு நகலில் தேடல். கிளவுடில் போடச் சொன்னான் காலேஜ் நண்பன். எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்து ஒரு போட்டோ அனுப்பவே சிக்னலுக்காகத் தேயிலைக்கு நடுவில் பாறை மேல் ஏற வேண்டும். நகலெடுக்க ஒரு டிஸ்க் வாங்கக் கூடலூர் கடைக்குப் போனேன்.

“ஏனுங்க தம்பி, டாகுமென்ட்ஸ் மட்டும்னா இந்தப் பென் டிரைவே போதுமுங்களே?” என்றார் கடைக்காரர், கோயம்புத்தூர்க்காரர்.

“அப்பா எதை எங்க வச்சாருன்னு தெரியாதுங்க. மொத்தமும் வேணும்.”

“அப்ப ஒரு டிபி டிஸ்க்கா எடுத்துக்கோங்க. மிச்ச எடத்துல அப்பாவையும் பேக்கப் எடுத்துருங்க.”

அடுத்தது சாஃப்ட்வேர். முதலாவது, கெட்டுப்போன இடம் வந்ததும் படுத்துவிட்டது. இரண்டாவது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஓடியது, பார்க்கச் சகிக்காது. ஆனால் கெட்ட இடத்தைத் தாண்டிப் போகும், கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆடி மழையில் வேறென்ன வேண்டும்? ஒன்றரை நாள் ஓடியது. கரண்ட் ஆறு தடவை போனது.

நகலில் படங்களை மட்டும் தேடிப் பிரித்தேன். என் கார் ரேஸ் கேமின் ஃபோல்டருக்குள், ‘மவுஸ் டிரைவர்’ என்ற பெயரில் கார்டு கிடந்தது.

“பாத்தியா, தெனம் அதுலதான் கெடக்குற. ஒனக்கே தெரியல” என்றார் அப்பா, பெருமையாக.

“என் சீட்டே போயிருக்கும்ப்பா” என்றாள் தங்கச்சி.

“போகலயில்ல?”

இரண்டு பிரிண்ட் எடுத்தேன். ஒன்றுக்கு அப்பா கை நீட்டினார். தங்கச்சி இரண்டையும் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“ஆபீஸ்ல ரெண்டு கேட்டாங்க.”

ஒன்றுதான் கேட்டார்கள்.