பானட்டில் ஒட்டிய சுங்குடி நூல்

கோச்சடையில் எங்கள் வீட்டு முற்றத்தில் பாதியை ஒரு சிவப்புக் கார் அடைத்துக்கொண்டிருந்தது. கூரை கிடையாது, இரண்டே பேர்தான் உட்காரலாம், வயதில் எங்கள் இருவருக்கும் மூத்தது. பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த என் கணவர், அந்த வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரைத் துண்டு துண்டாக வாங்கி வந்து ஒன்றாக்கியிருந்தார். சுங்குடிப் புடவைக்குச் சாயம் போட்டு விற்றுக்கொண்டிருந்த எனக்கோ, புடவை காயவைக்க அந்த முற்றம் வேண்டும். மொட்டை மாடியில் காயப்போடலாம்தான். ஆனால் ஈரப் புடவை வாளியைத் தூக்கிக்கொண்டு அத்தனை படி ஏறுவது யார்? வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம். காரைப் பற்றிய சண்டை மட்டும் தமிழில்தான் நடக்கும். தெருவுக்கும் நியாயம் தெரிய வேண்டாமா?

தொண்ணூறுகளின் கடைசியில் என் அண்ணன் புது கார் வாங்கினார். அதைக் காட்ட வந்தவர், எங்கள் காரைச் சுற்றி வந்து, "மாப்ள, இது பாக்கத்தான் லட்சணம். உருட்டிப் பாப்பமா?" என்றார்.

விளாங்குடி தாண்டி ஒரு கிளைச் சாலை. ஆளில்லாத காலை நேரம். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போய், சின்னப் பாலத்தருகே நியூட்ரலுக்கு மாற்றிவிட வேண்டும், பிரேக்கைத் தொடக் கூடாது. யார் கார் அதிக தூரம் உருள்கிறது என்பதுதான் போட்டி. அண்ணன் கார் பம்ப்செட் அறையையும் தாண்டி நின்றது. அந்த இடத்தில் ஒரு செங்கல்லை வைத்தார். எங்கள் கார் அதற்கு வெகு முன்னால் ஒரு பஞ்சர் கடையோடு மூச்சை விட்டுவிட்டது.

"ஆயுத பூஜைக்கு மறுநாள் திரும்ப வருவோம் மச்சான். அன்னைக்கும் செங்கல்லத் தாண்டலைன்னா இத வித்துடுறேன்" என்று என் கணவர் ரோஷத்தில் சொல்லிவிட்டார். காரை விலைக்குக் கேட்டு ஏற்கெனவே ஒருவர் வந்துபோயிருந்தார். எனக்கு வாயெல்லாம் பல். அன்று ராத்திரியே முற்றத்தில் புடவைக் கொடி கட்ட ஆணி அடிக்கும் இடங்களைக்கூடப் பார்த்து வைத்தேன்.

மறுநாள் அவர் என்னிடம் வந்து, சாயத்துக்காகப் புடவையில் கட்டிய முடிச்சுகளைப் பிரித்தபின் குப்பையில் போடும் நூல் துணுக்குகளைக் கேட்டார். "எதுக்கு?" என்றேன். "காத்தைப் பாக்கணும்" என்றார். ஆளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். விரல் நீளத்துக்கு நூலை வெட்டி, பானட், கதவு, விளக்கு என்று கார் முழுக்க டேப்பால் ஒட்டினார். அவர் ஓட்ட வேண்டும், நூல்களை நான் பார்க்க வேண்டும்.

வேண்டாவெறுப்பாகத்தான் ஏறினேன். வேகம் ஐம்பதைத் தாண்டியதும் பானட்டின் நடுவில் இருந்த நூல்கள் எல்லாம் படிந்து, வாரிவிட்ட தலைமுடி மாதிரி பின்னோக்கிக் கிடந்தன. ஆனால் பக்கவாட்டில் அவர் மாட்டியிருந்த பெரிய வட்டக் கண்ணாடிகளுக்குப் பின்னால் நூல்கள் பேயாட்டம் ஆடின. சில முன்பக்கமாகவே திரும்பி நின்றன! காற்று முன்னால் மோதுவது மட்டுமல்ல, பின்னால் பிரிந்து சுழல்வதும் காரைப் பிடித்து இழுக்கும் என்றார். அதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

கண்ணாடிகளைக் கழற்றினோம். விளக்கு விளிம்பின் இடைவெளியை டேப்பால் மூடினோம். சீட்டுக்குப் பின்னால் திறந்துகிடந்த பள்ளத்துக்கு நானே கனத்த துணியில் ஒரு மூடி தைத்தேன். நிமிர்ந்து நின்ற நம்பர் பிளேட்டைச் சாய்த்தோம். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஓட்டம், ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் கூடுதல் தூரம். கொடி கட்டும் யோசனை எப்போது மறந்துபோனது என்று எனக்கே தெரியாது.

ஆயுத பூஜை வந்தது. காருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தோம். காளவாசலில் வாங்கிய தடித்த சாமந்தி மாலையைப் பானட்டின் முன்னால் போட்டு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினோம். மறுநாள் அதே கோலத்தில் கம்பீரமாகப் போட்டிக்குப் போனோம். அண்ணன் முன்னதாகவே வந்து செங்கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பூஜை மாலையை அதுவாக வாடி விழும்வரை யாரும் எடுப்பதில்லை. எங்களுக்கும் அது தோன்றவே இல்லை.

பாலத்தில் நியூட்ரல். பஞ்சர் கடை போயிற்று, பம்ப்செட் அறை போயிற்று. செங்கல் தெரிந்தது. அதற்கு மூன்று கார் நீளம் முன்னாலேயே நின்றுவிட்டோம்.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி செங்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் கிழிந்து நார்நாராகிப்போன வாழையிலை கண்ணில் பட்டது. வரும் வழியெல்லாம் அது படபடவென்று அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. மாலையும் துள்ளிக்கொண்டே வந்தது. சுண்டுவிரல் அளவு இடைவெளியை டேப் போட்டு அடைத்தவர்கள், ஒரு தோட்டத்தையே முன்னால் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம்!

"அண்ணே, இன்னொரு தடவை" என்று கத்திக்கொண்டே இறங்கினேன். வாழைக்கன்றுகளை அவிழ்த்துப் பம்ப்செட் சுவரில் சாய்த்தேன். மாலையைத் தொட ஒரு கணம் பயமாகத்தான் இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு எடுத்து, கீழே வைக்க மனமில்லாமல் என் கழுத்திலேயே போட்டுக்கொண்டு ஏறினேன்.

திரும்பப் போய் வேகமெடுத்து, பாலத்தில் மறுபடி நியூட்ரல். இந்த முறை எதுவுமே ஆடவில்லை. வேகம் குறையக் குறைய நான் சீட்டில் முன்னால் சாய்ந்து, "போ, போ" என்று காரிடம் கெஞ்சினேன். செங்கல் மெதுவாக வந்தது, சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்தது, பின்னால் போனது. ஒரு ஸ்கூட்டர் நீளம் தாண்டித்தான் கார் நின்றது.

அண்ணன் ஓடிவந்து, "சாமி மாலையக் கழட்டி வச்சுட்டு ஜெயிச்சா செல்லாது தங்கச்சி!" என்றார்.

"கழட்டி எங்கண்ணே வச்சோம்? சாமியும் எங்ககூட உள்ளதான உக்காந்து வந்துச்சு" என்றேன். அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் கணவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், காரைக் கேட்டிருந்தவருக்குப் போன் போட்டு, விற்பதாக இல்லை என்று சொன்னது நான்தான். பிறகு புடவை வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன்.