முன்சக்கரத்தின் முழங்கை

"அடுத்தவன் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சு போற பொழப்பு இந்தக் கட்டைக்குக் கிடையாது. காத்தை உற்பத்தி பண்றவன் நான். எனக்கே காத்துக்கு மறைப்பா?"

இந்தப் பிரகடனம் எங்கள் சைக்கிள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், ஒரு கையில் தேநீரும் மறு கையில் நனைந்த பிஸ்கட்டுமாக வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் மின்விசிறி ரிப்பேர் கடைக்காரர். எரிந்துபோன ஃபேனுக்குக் காயில் கட்டி, பேரிங் மாற்றி, மறுபடி சுற்ற வைப்பவர். ஆகையால் ஊரில் வீசும் காற்றில் கணிசமான பங்கு தன் தயாரிப்பே என்று அவர் உரிமை கொண்டாடியதில் சட்டப்படி குற்றம் காண முடியாது. பிஸ்கட் பாதி உடைந்து தேநீருக்குள் விழுந்தபோதும் அவர் குரல் தழுதழுக்கவில்லை. சங்கத்தில் அவருக்குப் பெயர் முன்சக்கரம்.

சங்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் ஏதோ வேகமாகப் போகிறவர்கள் என்று நினைத்துவிடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரை வரை போவோம், தேநீர் குடிப்போம், திரும்புவோம். பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகம்தான் எங்கள் வேகம். மூச்சு வாங்கினால் தப்பு, வியர்த்தால் குற்றம். எங்களை நாய்கூடத் துரத்துவதில்லை. மானமுள்ள எந்த நாயும் துரத்தாது.

ஆனாலும் எங்களுக்கு ஓர் அரசியல் சாசனம் உண்டு. ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். முன்னால் போகிறவர் காற்றைத் தன் மார்பில் வாங்கிக்கொள்வார். அவர் முதுகுக்குப் பின்னால் வருகிறவர்களுக்குப் பாதிச் சிரமம்தான். முன்னவர் களைத்துவிட்டால் முழங்கையை வெளிப்பக்கமாக லேசாக அசைப்பார். அடுத்தவர் முன்னே வந்து பொறுப்பேற்பார். களைத்தவர் அவர் பின்னால் ஒதுங்கி இளைப்பாறலாம். முழங்கை அசையாமல் எவரும் முந்தக் கூடாது.

முன்சக்கரத்தின் முழங்கை அசைந்ததில்லை. ஒரே ஒருமுறை அசைந்தது. தன் சைக்கிளின் எடையை கிராம் சுத்தமாகச் சொல்பவரும், தன் எடையை யாரிடமும் சொல்லாதவருமான பல் டாக்டர், வரலாறு அழைக்கிறது என்று முன்னே பாய்ந்தார்.

"என்ன டாக்டர், எங்க கிளம்பிட்டீங்க?"

"முழங்கை அசைச்சீங்களே!"

"ஈ உக்காந்துச்சு, விரட்டினேன். அதுக்கு நீங்க ஏன் வர்றீங்க?"

டாக்டர் பதவியிழந்த மந்திரியைப் போல மெல்லப் பின்வாங்கித் தம் பழைய இடத்தை அடைந்தார்.

பின்னால் போவதில் இன்னொரு சங்கடமும் உண்டு. முன்னால் இருப்பவரின் முதுகு பாதையை மறைத்துவிடும். பள்ளம் வந்தால் அவர் கையைத் தாழ்த்திக் காட்டினால்தான் தெரியும். அந்தக் கையை நம்ப வேண்டும். முன்சக்கரமோ சொந்தக் கையைத் தவிர வேறு கையை நம்பிப் பழகாதவர். கடையில் ரிப்பேர் முடிந்த ஃபேனை மாட்டி, கீழே நின்று உள்ளங்கையை விரித்து, கண்ணை மூடிக்கொள்வார். மீட்டர் என்ன சொன்னாலும் சரி, உள்ளங்கை சம்மதித்தால்தான் ஃபேன் வீட்டுக்குப் போகும்.

அவருக்கு ஒரே மகள். சைக்கிள் விடக் கற்றுக்கொண்டதிலிருந்து அவர் பின்னால் இரண்டாவது இடம் அவளுடையது.

"அப்பா, கொஞ்சம் பின்னாடி வாங்களேன். எனக்கும் முதுகு இருக்கு."

"உன்னோடது எலி முதுகு. ஒரு தும்மலைக்கூடத் தடுக்காது. பேசாம மிதி."

கல்யாணமானதும் கணவனையும் அழைத்து வந்தாள். கட்டட அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர், கோட்டைக்கூடச் சத்தமில்லாமல் போடுகிற ரகம். மூன்றாவது இடம் அவருக்கு. மாமனார் மாப்பிள்ளை என்று கூப்பிட, சங்கமே அப்படிக் கூப்பிட்டது. பல் டாக்டருக்குப் பெண்ணே கிடையாது. அவருக்கும் இவர் மாப்பிள்ளைதான்.

பிறகு அவளுக்கு உடம்புக்கு வந்தது. வந்தது போகவில்லை.

ஆஸ்பத்திரியிலும் முன்சக்கரம் முன்னால்தான் போனார். ஃபைல் அவர் கையில், லிஃப்டில் பட்டனை அழுத்தும் விரல் அவருடையது. "பேஷன்டோட ஹஸ்பண்ட் யாரு?" என்று கேட்டால், "நான் அப்பா, என்கிட்ட சொல்லுங்க" என்று கதவை அடைத்துக்கொண்டு நிற்பார். மாப்பிள்ளை ஃபிளாஸ்க்கும் கையுமாக அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மாமனார் வெளியே வந்து, "ஒண்ணுமில்ல மாப்ளே. மருந்து மாத்தியிருக்காங்க. நீங்க வேலைக்குக் கிளம்புங்க" என்பார். மாப்பிள்ளை கிளம்புவார்.

கடைசியில் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார்கள். ரெகுலேட்டரில் ஒன்றாம் எண்ணில் வைத்தாலே அவளுக்குக் குளிரெடுத்தது. நிறுத்தினால் மூச்சு முட்டியது. முன்சக்கரம் ஏணி போட்டு ஏறி, அந்த ஃபேனுக்குச் சின்னக் கண்டென்சராகப் போட்டு வேகத்தைக் குறைத்தார். ஃபேன்களை வேகமாகச் சுற்ற வைத்தே பேர் வாங்கிய மனிதர், ஒரு ஃபேனை மெதுவாகச் சுற்ற வைக்க ஒரு காலை முழுக்கச் செலவழித்தார். கீழே அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டி, "இது போதும்பா" என்றாளாம். இதை எங்களிடம் சொன்னவர் எங்கள் சங்கத்துத் தையல்கார அக்கா. அவர்தான் அன்று துணைக்கு இருந்தவர்.

அவள் போன பிறகு இரண்டு பேருமே சவாரியை நிறுத்தவில்லை. முன்சக்கரம் முன்னால், மாப்பிள்ளை அதே மூன்றாவது இடத்தில். நடுவில் ஒரு சைக்கிள் நீளத்துக்கு இடைவெளி. அங்கே யாரும் போகக் கூடாது என்று சங்கம் தீர்மானம் எதுவும் போடவில்லை. சாலையில் மாடு நின்றால் வளைந்து போவோம். அப்போது இடைவெளியும் எங்களோடு வளைந்து வரும். பேசிக்கொண்டே போக முடிகிற வேகத்தில் அந்த இரண்டு பேரும் பேசாமலே போனார்கள்.

போன ஞாயிறு மாப்பிள்ளையின் கடைசிச் சவாரி. வேறு ஊருக்கு மாற்றல். பிரிவுபசார உரை தயாரித்துக்கொண்டு வந்திருந்த பல் டாக்டர், ஏரிக்கரைத் தேநீர்க்கடையில் தொண்டையைச் செருமியபோதுதான் மாப்பிள்ளை மாமனாரின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"அங்க மேடு ஜாஸ்தின்னாங்க, மாப்ளே."

"ஆமா மாமா."

"செயினுக்கு எண்ணெய் போட மறந்துடாதீங்க."

"சரி மாமா. ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டா நிம்மதியாக் கிளம்புவேன். ஆஸ்பத்திரி டாக்டர் உங்ககிட்ட எப்ப சொன்னார்?"

நாங்கள் அத்தனை பேரும் சட்டென்று பல் டாக்டரின் சைக்கிளைச் சூழ்ந்துகொண்டு அதன் செயினை ஆராயத் தொடங்கினோம். உலகத்தில் எந்தச் செயினும் அவ்வளவு மரியாதையோடு பார்க்கப்பட்டிருக்காது.

"எதை?"

"எதைன்னு உங்களுக்குத் தெரியும் மாமா."

முன்சக்கரம் தம்ளரைக் கீழே வைத்தார். "ரெண்டாவது ஸ்கேன் எடுத்தப்பவே."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். 'அவர்கிட்ட நான் சொல்லிக்கறேம்பா'ன்னா. நான்தான் வேணாம்னேன். நான் பாத்துக்கறேன்னேன்."

"அதுக்கப்புறமும் நான் தினம் வேலைக்குப் போயிட்டிருந்தேன் மாமா."

"நீங்களாவது கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கட்டும்னு..."

"நான் நிம்மதியா இல்ல. ஆபீஸ்ல இருந்தேன்."

"செயின் நல்லாத்தான் இருக்கு" என்றார் பல் டாக்டர், பொதுவாக.

"வாயை மூடுங்க டாக்டர்" என்றார் தையல்கார அக்கா. சங்கத்தில் எப்போதும் கடைசியாக வருகிறவர் அவர்; யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

முன்சக்கரம் எழுந்து போய்ப் பம்ப்பை எடுத்து, தன் சைக்கிளின் முன்சக்கரத்துக்குக் காற்றடித்தார். அது ஏற்கெனவே கல்லாட்டம் இருந்தது. அடித்துக்கொண்டே இருந்தார். டயர் வெடித்துவிடும் என்று சொல்ல வாயெடுத்த டாக்டரின் கையை அக்கா பிடித்துக்கொண்டார். உரை சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. சங்கத்துக்கு அன்று கிடைத்த ஒரே நல்லது அதுதான்.

திரும்பும்போது எதிர்காற்று. கரை மேல் மறைப்பு ஒன்றும் கிடையாது. முன்சக்கரம் குனிந்து மிதித்தார். சட்டை முதுகில் உப்பிக்கொண்டு படபடத்தது. நேர்மையான ஆள் யாரும் அதைப் பேசிக்கொண்டே போகிற வேகம் என்று சொல்ல மாட்டான். நடந்து போகிறவன் எங்களை வழிவிடச் சொல்லியிருப்பான்.

அப்போதுதான் கவனித்தோம். மாப்பிள்ளை மூன்றாவது இடத்தில் இல்லை. எப்போது மிதித்தார் என்று தெரியவில்லை. அந்த இடைவெளிக்குள் வந்திருந்தார். யாரும் போகாத இடத்தில், மாமனாரின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி. முந்தவில்லை. சாசனம் தெரிந்தவர், காத்திருந்தார்.

முன்சக்கரம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் இத்தனை காலம் தனக்குப் பின்னால் கேட்காத சக்கரச் சத்தம் அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. கரை முடியப் போகிற இடத்தில் அவர் முழங்கை அசைந்தது.

ஈ என்று நினைத்தோம். அந்தக் காற்றில் எந்த ஈயும் உட்கார்ந்திருக்க முடியாது என்பது பிறகுதான் உறைத்தது. டாக்டர்கூட முன்னே பாயவில்லை.

முழங்கை மறுபடி அசைந்தது.

மாப்பிள்ளை எழுந்து மிதித்து முன்னே வந்தார். பக்கத்தில் வந்தபோது இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. முன்சக்கரம் பின்வாங்கி அவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். படபடத்த சட்டை அப்படியே அடங்கி உடம்போடு ஒட்டிக்கொண்டது. இவ்வளவு ஒடுங்கிய முதுகா இவருக்கு என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கொஞ்ச தூரத்தில் மாப்பிள்ளையின் இடது கை தாழ்ந்து பள்ளம் காட்டியது. முன்சக்கரம் எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கையை நம்பி மறுபக்கம் வளைந்தார். பிறகுதான் நினைவு வந்து, தன் கையையும் தாழ்த்தி எங்களுக்குக் காட்டினார். அதற்குள் டாக்டர் பள்ளத்தில் இறங்கி ஏறியிருந்தார். வாழ்நாளில் முதல்முறையாக அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஊருக்குள் வந்ததும் காற்று நின்றுவிட்டது. மறைப்புக்கு இனி அவசியமில்லை. முன்சக்கரத்தின் தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. ரோடு மோசம் என்று எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன். ஆனால் அது புதிதாகப் போட்ட ரோடு.

ஃபேன் கடை இருக்கும் தெரு வந்தது. வழக்கமாக அவர் அங்கே கையைத் தூக்கி எங்களுக்கு விடைகொடுத்துவிட்டு வலப்பக்கம் திரும்புவார். மாப்பிள்ளை நேராகப் போனார், பாதி மூட்டை கட்டிய வீட்டை நோக்கி.

முன்சக்கரமும் நேராகவே போனார், அந்த முதுகுக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி.