இரண்டு கண்ணி வெட்டிய செயின்

என் அத்தை மகனை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். அவர் என்னைக் கொழுந்தியா என்று கூப்பிடுவார். அப்போது எனக்குப் பத்து வயது. அக்காவுக்கும் அவருக்கும் பூ வைத்து நிச்சயம் செய்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பூ வைத்த பிறகு இருவரும் நேருக்கு நேர் நின்று பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதனால் நடுவில் சேதி கொண்டுபோகும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. மூன்றடி தள்ளி நின்றுகொண்டு அக்கா, “பிரேக்கு கத்துதுன்னு சொல்லுடி” என்பாள். மச்சான் காதில் விழாதவர் மாதிரி தெருவைப் பார்ப்பார். நான் அதைத் திரும்பச் சொன்ன பிறகுதான் ஸ்பேனரை எடுப்பார். என்னால்தான் இந்தக் குடும்பமே நடக்கிறது என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை.

மச்சானுக்குக் கோரிப்பாளையத்தில் சைக்கிள் கடை. அக்கா கல்லூரியில் படித்துக்கொண்டே சைக்கிள் பந்தயங்களில் ஓட்டுவாள். அந்த வருடப் பந்தயத்தில் முதல் இரண்டு இடங்களுக்குள் வருபவர்களுக்கு ரயில்வேயில் வேலை என்று சொன்னார்கள். வேலை எங்கோ வடக்கே. அம்மா அதைக் கேட்டு மூக்கைச் சிந்த, அப்பா தீர்ப்புச் சொன்னார்: “ஜெயிச்சா வேலைக்குப் போகட்டும். இல்லைன்னா தையில கல்யாணம்.” அவள் ஜெயிக்கவா போகிறாள் என்ற தைரியத்தில் சொன்னது அது. அக்காவோ சாப்பாட்டையும் தூக்கத்தையும் மறந்து ஓட்டினாள். மச்சான் வேலைக்கும் கல்யாணத்துக்கும் நடுவே எந்தப் பக்கமும் சேராமல் அவளுடைய சைக்கிளைக் கழற்றத் தொடங்கினார்.

அது மலேசியாவிலிருந்து வந்த பழைய பந்தய சைக்கிள். முன்னால் மிதிக்கட்டைப் பக்கம் பெரிதும் சிறிதுமாக இரண்டு தட்டுகள், பின்சக்கரத்தில் ஐந்து பல்சக்கரங்கள். ஐந்துமே சின்னவை, சமதரைக்குத்தான் சரி. பந்தயமோ அழகர்மலை ஏற்றத்தில் முடிகிறது. ஏற்றத்துக்குப் பெரிய பல் வேண்டும். மச்சான் அலையாய் அலைந்து, கொடைக்கானலில் யாரோ போட்டுவிட்டுப் போன சைக்கிளிலிருந்து ஒரு பல்சக்கரக் கொத்தைக் கொண்டுவந்து பூட்டினார். அதில் பெரிய பல், என் கையை விரித்து வைத்தால்கூட மறையாது.

வந்தது வினை. பின்சக்கரத்தின் அடியில் ஒரு கை தொங்கும். செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொரு பல்லுக்குத் தள்ளுவதும், மிச்சச் செயினை இழுத்துப் பிடிப்பதும் அதன் வேலை. இந்த சைக்கிளில் இருந்தது சின்னப் பற்களுக்கென்றே செய்த குட்டைக் கை. நீளக் கைக்கு மதுரையில் எங்கே போவது? செயினை நீளமாக விட்டால், சின்னப் பல்லில் ஓடும்போது கைக்கு அடங்காமல் தொங்கிக் கழன்றுவிடும். குட்டையாக வெட்டினால், முன்னால் பெரிய தட்டும் பின்னால் பெரிய பல்லும் சேரும்போது எட்டாது. விறைத்துக்கொண்டு கையையே பிய்த்துச் சக்கரக் கம்பிக்குள் இழுத்துவிடும். மச்சான் முதலில் நீளமாகத்தான் விட்டார். பந்தயத்துக்கு முதல் நாள் பள்ளமும் மேடுமான ரோட்டில் செயின் இரண்டு தடவை கழன்றது. செயின் கழன்றால் பந்தயம் போச்சு. மறுநாள் விடிகாலையில் கடையைத் திறந்து இரண்டு கண்ணிகளை வெட்டிவிட்டார்.

அக்காவுக்கு ஒரு பழக்கம். முன்தட்டை மாற்றும் நெம்பு கொஞ்சம் இறுக்கம் என்பதால் அதைத் தொடவே மாட்டாள். பெரிய தட்டில் இருந்தபடியே பின்னால் பெரிய பல்லுக்குப் போய் ஏற்றத்தில் மிதிப்பாள். நீளச் செயினில் அது செல்லும். இப்போது செல்லாது.

தல்லாகுளத்தில் பந்தயம் தொடங்கும் இடத்தில் அக்காவைச் சுற்றி எங்கள் சொந்தக்காரக் கூட்டம். மச்சான் தள்ளி நின்று என்னைக் கூப்பிட்டார்.

“கொழுந்தியா, நல்லாக் கேட்டுக்க. செயினை வெட்டிட்டேன். ஏத்தத்துல மொதல்ல முன்னால சின்னத் தட்டுக்கு எறக்கணும். அப்புறந்தான் பின்னால பெரிய பல்லு. ரெண்டும் பெருசுல விழுந்துச்சு, அம்புட்டுத்தான், ஆளத் தூக்கி எறிஞ்சுரும். எங்க, சொல்லு?”

மூன்று தடவை ஒப்பித்தேன். அவர் மொபெட்டை எடுக்கப் போனார். நான் அக்காவிடம் போனேன். அந்த இருபது அடிக்குள் எனக்குள் ஒரு பாழாய்ப்போன யோசனை வந்தது. அக்கா வடக்கே போய்விட்டால் நான் யார் பக்கத்தில் படுப்பது? தோற்றால் கோரிப்பாளையத்துக்குத்தானே போவாள். பள்ளிக்கூடம் விட்டதும் போய்விடலாம். தூக்கி எறியும் என்றதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புளியங்கொட்டையை விழுங்கினால் வயிற்றில் மரம் முளைக்கும் என்று மிரட்டுகிறவர்கள்தானே பெரியவர்கள்.

“மச்சான் என்னடி சொன்னாரு?” என்றாள் அக்கா.

“நல்லா ஓட்டச் சொன்னாரு.”

அக்கா குனிந்து சிரித்துக்கொண்டாள். என் முதல் பொய் அவ்வளவு நன்றாகப் பலித்தது.

மச்சானும் நானும் மொபெட்டில் முன்னே போய் மலைப்பாதையின் இரண்டாவது வளைவில், வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தோடு நின்றோம். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். மச்சான் ரோட்டில் கிடந்த சின்னச் சின்னக் கற்களைக்கூடக் காலால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். நான் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன்.

“மச்சான், ரெண்டும் பெருசுல போட்டா நெசமாவே விழுந்துருவாகளா?”

அவர் உதட்டை விலக்கிப் பாதி உடைந்த முன்பல்லைக் காட்டினார். ஏணியிலிருந்து விழுந்துவிட்டதாகப் போன வாரம் வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். “ஏணியாவது கோணியாவது. குட்டைச் செயினைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். அதுல விழுந்துதான் மொதல்ல நீளமா விட்டேன். நான் விழுந்தது சமதரையில. இங்க விழுந்தா அந்தா, பள்ளம். அதான் சொல்லிட்டேல்ல?”

“ம்” என்றேன். இது இரண்டாவது பொய். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். திட்டுவாரே என்று மூடிக்கொண்டேன். அக்கா வராமலே இருக்க வேண்டும், வழியில் டயர் வெடித்திருக்க வேண்டும் என்று மலையில் இருக்கிற சாமியையெல்லாம் கும்பிட்டேன்.

முதலில் ஒரு பெண் வந்தாள். பின்னாலேயே இன்னொருத்தி. பத்தடி விட்டு அக்கா. முகமெல்லாம் சிவந்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு, பெரிய தட்டிலேயே மிதித்து வந்தாள். சக்கரம் நின்றுவிடும்போல இருந்தது. வலது கை, பின்பல்லை மாற்றும் நெம்பை நோக்கி இறங்கியது.

“இவ ஏன் இன்னும் பெரிய தட்டுல வாரா?” மச்சான் என் தோளைப் பிடித்துத் திருப்பினார். “கொழுந்தியா, சொன்னியா இல்லையா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு நொடிகூட இருக்காது, என் முகத்தையே பார்த்தார். பிறகு ரோட்டில் குதித்தார். ஆறு மாதமாக வாயில் வராத அக்காவின் பெயரை அத்தனை ஜனம் பார்க்கக் கத்தினார். “பின்னால தொடாத! மொதல்ல முன்னால! சின்னத் தட்டுக்கு எறக்கு!”

அக்கா நிமிர்ந்தாள். நெம்புக்குப் போன கை அப்படியே நின்றது. இடது கை இறங்கி இறுக்கமான அந்த முன்நெம்பைத் தள்ளியது. செயின் எந்தத் தட்டிலும் இல்லாமல் ஒரு கணம் தடுமாறி, கடக்கென்று சின்னதில் விழுந்தது. பிறகு வலது கை. பெரிய பல் செயினைப் பிடித்துக்கொண்டதும் அக்காவின் கால்கள் சுற்ற ஆரம்பித்தன. வளைவு திரும்புவதற்குள் இரண்டாவதாகப் போனவளைத் தாண்டிவிட்டாள்.

நான் ஓவென்று அழுதேன், அடி விழும் என்று. மச்சான் பள்ளத்தோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார். “அழுகாத. சொல்ல மறந்துட்ட, அம்புட்டுத்தானே” என்றார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆமாம், மறந்துவிட்டேன். பாவம், மச்சானை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்று நினைத்தேன்.

அக்கா இரண்டாவதாக வந்தாள். இரண்டு மாதத்தில் வேலைக் கடிதம் வந்தது; வடக்கே போனாள். கல்யாணப் பேச்சு அப்படியே நின்றுபோயிற்று. நான் மறந்ததாகச் சொன்ன கதையை, உண்மையில் மறக்காத கதையை, மச்சான் யாரிடமும் சொன்னதில்லை.

என் பிள்ளைகளே பெரியவர்களான பிறகு ஒரு நாள்தான் எனக்கு உறைத்தது. அவர் வெறுமே “நில்லு” என்று கத்தியிருக்கலாம். அக்கா நின்றிருப்பாள். ஒரு கீறல் விழுந்திருக்காது, பந்தயம் போயிருக்கும், தையில் கல்யாணம் நடந்திருக்கும். உயிரைக் காப்பாற்றினான் என்று ஊரே அவரைக் கொண்டாடியிருக்கும். என் முகத்தைப் பார்த்த அந்தக் கணத்தில் “நில்லு”, “எறக்கு” என்ற இரண்டு வார்த்தைகளும் அவர் வாயில் இருந்தன.

அன்று மலையிலிருந்து வீடு வரை நான் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து தொணதொணத்துக்கொண்டே வந்தேன். மச்சான் ஒன்றுக்கும் பதில் பேசவில்லை. கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.