கவிழ்த்து வைத்த மங்கு

கிளேபாங்கில் எங்கள் வீட்டு வாசலில், சன்னலுக்கு வெளியே நீட்டியிருக்கும் பலகையின் மேல் ஒரு மங்கு இருக்கிறது. ரப்பர் மரத்தில் பால் வடிந்து சேரக் கட்டுவார்களே, அந்தச் சின்னப் பீங்கான் கிண்ணம். விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். கடற்கரைப் பக்கம் என்பதால் மழை சாய்ந்தடித்து அது நிரம்பிவிடும். நான் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் நிமிர்த்தியே வைப்பேன். “கவுத்து வச்சா என்னவாம்? மழைத் தண்ணி புடிச்சு யாருக்குக் குடுக்கப் போற?” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். இத்தனை நாளும் சிரித்து மழுப்பியிருக்கிறேன்.

அது என் சித்தப்பாவுக்காக வைத்த மங்கு. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்பாவின் அந்தத் தம்பிக்கு இருபதோ இருபத்தொன்றோ இருக்கும். ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், எங்களோடுதான் இருந்தார். பால் வடியப் பட்டையைச் சீவி மரம் வெட்டுவதில் அவர் கை சுத்தம். பட்டையைத் தாண்டி ஒரு காயம் விழாது. அப்படிப்பட்டவருக்கு அந்த வருஷம் என்னவோ ஆயிற்று. குளிக்க மறந்தார். ஒரே சட்டையை நாள் கணக்கில் போட்டார். யாரும் பேசாதபோதும் யாரோ பேசுவதுபோலத் தலையைத் திருப்பிக் கவனித்தார். எல்லாவற்றையும்விட, எதிரில் இருப்பவர் முகத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குப் பிடிபடாமல் போயிற்று. வேலையை மேற்பார்க்கும் கங்காணி “வெட்டு நல்லாருக்கு” என்றால், என்ன மனசில் வைத்துச் சொன்னார் என்று சாயங்காலம்வரை யோசிப்பார். ஆனால் அப்போதும் மரத்தில் கை பிசகியதில்லை. மரத்திடம் தவறாதவர் மனிதரிடம் மட்டும் எப்படித் தவறுகிறார்? எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவர் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தொடங்கினார்.

“பாப்பா, கங்காணி சிரிச்சாரா, பல்லக் கடிச்சாரா?”

“சிரிச்சாரு சித்தப்பா.”

“எதுக்கு?”

“நீங்க சட்டைய உள்புறம் வெளிய போட்டிருக்கீங்க.”

குனிந்து பார்ப்பார். கொஞ்ச நேரம் கழித்து, எல்லோரும் போன பிறகு, அவரும் சிரிப்பார்.

ஒரு நாள் சொன்னார்: “மரம் தேவல பாப்பா. மங்கு கவுந்திருந்தா இன்னிக்கு வேணாம். நிமிந்திருந்தா வெட்டலாம். மனுசன் மூஞ்சியில அப்படி ஒண்ணும் மாட்டி வைக்கலியே.”

மறுநாளே சில்லு பெயர்ந்த ஒரு மங்கை எடுத்துவந்து எங்கள் வாசலில் வைத்தேன். நிமிர்ந்திருந்தால் உள்ளே வரலாம். கவிழ்ந்திருந்தால் அப்பா கோபமாக இருக்கிறார், அல்லது வேற்றாள் இருக்கிறார், வெளியே நிற்க வேண்டும். இது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஏற்பாடு. அதற்கு முன் சண்டைக்கு நடுவில் நுழைந்து சிரிப்பார், இல்லையென்றால் பயந்துகொண்டு சாப்பிடவே வரமாட்டார். மங்கு வந்த பிறகு நேரத்துக்கு வந்தார், சாப்பிட்டார், அம்மாவிடம் ஒன்றிரண்டு பேசினார். “தம்பிக்குத் தெளியுது” என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

ஆனால் காலைப் பெரட்டில் மங்கு ஏது? வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது தன் பெயரைக் கேலியாகக் கூப்பிட்டதாக நினைத்து ஒரு நாள் கங்காணியைப் பிடித்துத் தள்ளிவிட்டார். தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் வீட்டுக்கே வந்து பார்ப்பார், சரியாக இருந்தால் வேலையில் இருக்கலாம், இல்லையென்றால் தெற்கே பெரிய மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று உத்தரவாயிற்று.

டிரஸ்ஸர் வந்து உட்கார்ந்தபோது சித்தப்பா குளிக்க ஆற்றுக்குப் போயிருந்தார். வேற்றாள்தான், ஆனாலும் இன்று அவர் உள்ளே வரவேண்டும் என்று நான் மங்கை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே தேத்தண்ணி கலக்கப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. துணி எடுக்க ஓடிய அம்மா, போகிற போக்கில் மங்கைக் கவிழ்த்துவிட்டாள். பால் வெட்டிப் பழகிய கை, மழையில் திறந்து கிடக்கும் மங்கைச் சும்மா விடுமா?

சித்தப்பா தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். மங்கைப் பார்த்தார். வாசலுக்கு நாலடி தள்ளி மழையில் நின்றுவிட்டார்.

“உள்ள வாங்க தம்பி, நனையிறீங்க!” என்று அம்மா கத்தினாள். சித்தப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார், மறுபடி மங்கைப் பார்த்தார். மங்கைத்தான் நம்பினார்.

“மழைக்கு ஒதுங்கணும்னுகூடத் தெரியல. இவன எப்படி இங்க விட்டுட்டுப் போறது?” என்று டிரஸ்ஸர் காகிதத்தை எடுத்தார்.

தேத்தண்ணியோடு வந்தபோதுதான் நான் கண்டேன். ஓடிப் போய் மங்கை நிமிர்த்தினேன். உடனே உள்ளே வந்தார். காலைத் துடைத்துக்கொண்டு, “சுகமா இருக்கீங்களா ஐயா?” என்று டிரஸ்ஸரை ஒழுங்காகக் கேட்டார். டிரஸ்ஸரின் எழுதும் கை நிற்கவில்லை. நான் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தது நான் என்று தெரிந்தால் அப்பா அடிப்பாரே என்று வாயை மூடிக்கொண்டேன். அன்று அந்த லயத்தில் சொன்ன சொல்படி நடந்தவர் அவர் ஒருவர்தான்.

சித்தப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முதல் முறை போய்ப் பார்த்து வந்த அப்பா அழுதார். “வீட்டுல மங்கு எப்படி இருக்கு அண்ணேன்னு கேக்குறான். மர நெனப்பாவே இருக்கான்.” அப்போதும் நான் சொல்லவில்லை. கல்யாணமாகி வரும்போது மங்கை மட்டும் கேட்டு எடுத்து வந்தேன்.

இப்போது என் மகனுக்கு எட்டு மாதம். நான் முகம் சுளித்தால் அவன் உதடு பிதுங்குகிறது, சிரித்தால் சிரிக்கிறான். யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சித்தப்பாவுக்கு முகம் பார்த்துப் புரியும் அந்த அறிவு முழுதும் போய்விட்டதா, வந்துசேரத் தாமதமானதா? பையன் சற்று நேரம் என்னைப் பார்க்காவிட்டால் விரலைச் சொடுக்கி அவன் முகத்தைத் திருப்புகிறேன். “பல்லியப் பாக்குறான், விடு” என்பார் என் வீட்டுக்காரர்.

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவுக்குக் கடிதம் வந்தது. சித்தப்பா நெடுநாளாக அமைதியாக இருக்கிறாராம், தோட்ட வேலை செய்கிறாராம், பொறுப்பேற்க ஆள் இருந்தால் அழைத்துப் போகலாமாம். வைத்துப் பார்த்துக்கொள்ள அப்பாவுக்கு முடியாத வயது. போன வாரம் சாப்பிடும்போது இவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, சித்தப்பாவை இங்கே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

“கைக்குழந்தை இருக்கே?” என்றார். அதையே நானும் என்னை நூறு தடவை கேட்டிருக்கிறேன். சரியென்று இன்னமும் எனக்கு நிச்சயமில்லை. அதையும் சொன்னேன்.

இவர் எழுந்து போய் மங்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். “நான் கோவமா இருந்தா?”

“கவுத்து வைங்க. அவரு வெளிய இருப்பாரு.”

“மழ பேஞ்சா?”

“பேஞ்சா கவுக்காதீங்க. கோவமா இருந்தாலும் கவுக்காதீங்க.”

பிறகு அவரே மங்கை நிமிர்த்தி வைத்தார்.

நாளை அப்பா சித்தப்பாவை பஸ்ஸில் அழைத்து வருகிறார். காலையிலிருந்து மழை விடவில்லை. இதுவரை மூன்று தடவை தண்ணீரைக் கொட்டிவிட்டேன்.